டாலக் மலை ஏறப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டாஹோ ஏரியின் தென்கரையில், 89ஆம் நெடுஞ்சாலையில் போகும்போது டாலக் மலை கண்ணில் படாமல் இருக்காது. உச்சி 9,735 அடி உயரம். ஆனால் ஏரியின் நீர்மட்டமே 6,225 அடியில் இருப்பதால், கீழே நின்று பார்க்கும்போது மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். காலை உணவை நிதானமாக முடித்துக்கொண்டு கிளம்பினாலும் ஏறி இறங்கிவிடலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. இந்த மலையில் சிரமப்படுகிறவர்களில் பெரும்பாலானோரின் கதை அந்த எண்ணத்தில்தான் தொடங்குகிறது.

போக வர சுமார் 10 மைல், ஏற்றம் சுமார் 3,300 அடி. இதில் மைல் கணக்கை மட்டும் பார்ப்பது முதல் தவறு. தொடக்கத்தில் பாதை ஒரு மேட்டின் முதுகிலேயே போகும். கீழே ஃபாலன் லீஃப் ஏரி நீளமாகக் கிடக்கும். அப்புறம் மரநிழல், சின்னதாக ஃப்ளோட்டிங் ஐலண்ட் ஏரி, அதற்கு மேல் கதீட்ரல் ஏரி. இங்கே வந்து சேர்ந்ததும் பாதித் தூரம் முடிந்தது என்று எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிடும். தூரத்தில் அது சரிதான். ஏற்றத்திலோ மூன்றில் இரண்டு பங்கு இனிமேல்தான் இருக்கிறது. வந்த வேகத்தை வைத்து மீதி நேரத்தைக் கணக்குப் போட்டால் கணக்கு நிச்சயம் தப்பும்.

கதீட்ரல் ஏரியைத் தாண்டியதும் பாதையின் குணமே மாறிவிடுகிறது. கிண்ணம் போன்ற ஒரு சரிவுக்குள் செங்குத்தாக ஏறவேண்டும். காலடியில் தளர்ந்த கற்கள். மிதித்தால் சில உருளும். குளிர்காலத்தில் நன்றாகப் பனி விழுந்திருந்தால், ஜூன் மாதத்திலும் சில ஆண்டுகளில் ஜூலையிலும்கூட இந்தச் சரிவில் பனி கிடக்கும். கீழே டி-ஷர்ட் போடும் வெயில் அடிக்கிறதே, மேலே என்ன பனி இருக்கப் போகிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காலையில் அந்தப் பனி கண்ணாடி போல இறுகியிருக்கும். மதியத்தில் இளகி, கால் முழங்கால்வரை புதையும். இரண்டிலும் ஆபத்து உண்டு, ஆனால் பெரிய ஆபத்து இறங்கும்போதுதான். பனியில் உட்கார்ந்தபடி சறுக்கி வருவது பார்க்க விளையாட்டாகத் தெரியும். சரிவு முடியும் இடத்தில் இருப்பதோ பாறைகள். வேகம் பிடித்துவிட்டால் ஐஸ் கோடரியும் அதைப் பயன்படுத்திய பழக்கமும் இல்லாமல் நிற்க வழியே இல்லை. போவதற்கு முந்தைய சில நாட்களில் ஏறியவர்கள் பாதையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பனி இருக்கிறது, மைக்ரோஸ்பைக்கும் (பனியில் வழுக்காமல் இருக்கக் காலணியில் மாட்டும் முள்சங்கிலி) இல்லை, பழக்கமும் இல்லை என்றால் கதீட்ரல் ஏரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவே நல்ல ஒரு நாள் நடை.

அடுத்தது இடி மின்னல். கோடையில் இந்த சியரா நெவாடா மலைத்தொடரில் பிற்பகலில் மேகம் திரண்டு இடிக்கத் தொடங்குவது சாதாரணம். நீங்கள் ஏறுவது கிழக்குப் பக்கம். மேற்கிலிருந்து மேகம் திரண்டு வந்தால், அந்தக் கிண்ணத்துக்குள் இருக்கும் உங்களுக்கு மலையே திரையாக நின்று அதை மறைத்துவிடும். தலைக்கு மேல் நீலவானம் இருப்பதை மட்டும் நம்பி மேலே போகிறவர்கள், முகட்டை எட்டிய பிறகுதான் எதிர்ப்பக்கம் கறுத்துக் கிடப்பதைப் பார்க்கிறார்கள். உச்சியிலும் அதன் தோள் பகுதியிலும் ஒதுங்க இடமே கிடையாது. அதனால் விடியற்காலையிலேயே நடையைத் தொடங்கி, நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கத் தொடங்கிவிடுவது நல்லது. "எங்கே இருந்தாலும் இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவோம்" என்று ஒரு நேரத்தைக் காரில் இருக்கும்போதே முடிவுசெய்யுங்கள். உச்சி கண்ணுக்கு எதிரே தெரியும்போது எடுக்கும் முடிவு பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை.

பே ஏரியாவிலிருந்து (சான் பிரான்சிஸ்கோ வட்டாரம்) இரவோடு இரவாகக் கார் ஓட்டி வந்து, நேராக மலையேறத் தொடங்குகிறவர்களும் உண்டு. முந்தைய நாள் கடல்மட்டத்தில் இருந்த உடம்பு, மறுநாள் மதியம் கிட்டத்தட்ட 3,000 மீட்டரில் நிற்கும். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 70 சதவீதம்தான். தலைவலி, குமட்டல், காரணமில்லாத சோர்வு வந்தால் அதைத் தூக்கக் குறைவு என்று ஒதுக்காதீர்கள். மேலே ஏறுவதை நிறுத்திவிட்டு இறங்குவதுதான் அதற்கு மருந்து. முதல் நாள் இரவு டாஹோவிலேயே தங்கித் தூங்கினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தண்ணீரை ஒரு பாட்டிலோடு முடித்துக்கொள்வது இன்னொரு வழக்கமான தவறு. ஒருவருக்கு 3 லிட்டராவது வேண்டும். வழியில் ஏரி இருக்கிறதே என்றால், அந்தத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டாமல் குடிக்கக் கூடாது. ஜியார்டியா கிருமி கண்ணுக்குத் தெரியாது. மேல்பகுதியில் நிழல் மிகக் குறைவு. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும், எனவே தொப்பியும் சன்ஸ்கிரீனும் அவசியம். காற்றைத் தடுக்கும் ஒரு ஜாக்கெட்டும் பையில் இருக்கட்டும், கீழே எவ்வளவு வெயிலாக இருந்தாலும்.

நம் ஆட்கள் மூன்று நான்கு குடும்பமாகச் சேர்ந்து போவதுதான் வழக்கம். இந்தப் பாதையின் பெரும்பகுதி டெசொலேஷன் வில்டர்னெஸ் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறது. அதற்குள் ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் போகக் கூடாது. ஒரு நாள் நடைக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். நெருப்பு மூட்டவும் ட்ரோன் பறக்கவிடவும் தடை உண்டு. விதியைவிட எனக்குக் கவலை தருவது, வேகமாக நடக்கிறவர்கள் முன்னால் போய்விட, மெதுவாக வருகிற ஒருவர் தனியாக விடப்படுவது. கற்சரிவில் கணுக்கால் பிசகிப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவரைப் பற்றி முன்னால் போனவர்களுக்குத் தெரியவே தெரியாது. செல்போன் சிக்னலையும் நம்ப முடியாது. கடைசியில் வருகிறவரின் வேகம்தான் குழுவின் வேகம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வரைபடத்தை எல்லோருடைய போனிலும் ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள்.

இறங்குவதற்கு ஏறுவதில் பாதி நேரம் போதும் என்று நினைக்காதீர்கள். தளர்ந்த கற்களில் முழங்கால் தாங்கி இறங்க நேரம் பிடிக்கும், நடைக்கோல்கள் இருந்தால் பெரிய உதவி. கிழக்குச் சரிவு என்பதால், சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் பாதையில் சீக்கிரமே வெளிச்சம் குறையும். ஒவ்வொருவரிடமும் ஹெட்லேம்ப் இருக்கட்டும். போன் வெளிச்சம் போதாது. பாதையை விட்டுக் குறுக்கு வழியில் இறங்கினால் கற்கள் கீழே வருகிறவர்கள் மேல் உருளும், செடிகளும் வேரோடு பெயரும்.

கிளம்பும் முன் காரையும் ஒருமுறை பாருங்கள். டாஹோவில் கருங்கரடிகள் அதிகம். சாப்பாட்டு வாசனை வந்தால் கார்க் கதவைத் திறக்கவும் உடைக்கவும் அவற்றுக்குத் தெரியும். மீந்த சிப்ஸ் பாக்கெட், குழந்தை சிந்திய ஜூஸ், சூயிங்கம் எதையும் உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.