படகை டிரெய்லரில் ஏற்றி நெடுந்தூரம் இழுத்துச் செல்ல: முதலில் முன்பாரம், மற்றதெல்லாம் அப்புறம்

போன வருடம் என் 16 அடிப் படகை டிரெய்லரில் ஏற்றி 1,100 கிலோமீட்டர் இழுத்துப் போனேன். அதற்கு முன் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இழுத்ததே இல்லை. பக்கத்து ஏரி வரை இழுத்துப் போவது வேறு, நெடுஞ்சாலையில் நாள் முழுக்க இழுப்பது வேறு. குறுகிய தூரத்தில் வெளியே தெரியாத தப்பெல்லாம் அங்கே வேகத்தோடும் சூட்டோடும் சேர்ந்து வெளிவரும். எனக்கு 140-வது கிலோமீட்டரில் வந்தது. முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஹிட்ச் (டிரெய்லரை இழுக்க வண்டியின் பின்னால் இருக்கும் பந்துள்ள இணைப்பு) பொருத்திய வண்டி உங்களிடம் இருக்கிறது, கப்ளரை (டிரெய்லரின் முன்முனைப் பூட்டு) அந்தப் பந்தின் மேல் இறக்கிப் பூட்டத் தெரியும், ஓட்டுநர் உரிமமும் டிரெய்லர் பதிவும் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். அகல வரம்பு, வேக வரம்பு, எந்த எடைக்கு மேல் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். கிளம்பும் இடத்தின் விதியை மட்டும் பார்த்தால் போதாது. கடந்து போகும் இடங்களின் விதியையும் பாருங்கள்.

படி 1: உண்மையான எடை

வண்டியின் இழுவைத் திறன், ஹிட்ச், பந்து, கப்ளர், டிரெய்லர் அச்சு, டயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை வரம்பு உண்டு. அவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. படகு விற்பனைத் தாளில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் வெறும் படகின் எடை. மோட்டார், பேட்டரி, பெட்ரோல், நங்கூரம், அதன் சங்கிலி எல்லாம் அதற்கு மேல். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ வரும், ஆகவே 80 லிட்டர் டேங்க் நிறைந்தாலே 60 கிலோ. பயணத்துக்கான சாமான் அத்தனையையும் ஏற்றிவிட்டு எடைமேடைக்குப் போங்கள். நான் 800 கிலோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். பிறகு நிறுத்துப் பார்த்தபோது 980 இருந்தது.

படி 2: முன்பாரம்

இந்த ஒரு படியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். முன்பாரம் என்றால் டிரெய்லரின் முன்முனை ஹிட்ச் பந்தைக் கீழே அழுத்தும் எடை.

லேசான இறக்கம், வேகம் 95. பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அது தள்ளிய காற்றில் படகின் பின்பக்கம் ஒரு தடவை அசைந்தது. அந்த அசைவு அடங்கவில்லை. இடம், வலம், இடம் என்று ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகி, வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்க ஆரம்பித்தது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன். முன்னால் வண்டி வேகம் குறைய, பின்னால் ஒரு டன் எடை முட்டித் தள்ள, ஆட்டம் இன்னும் கூடியது. “காலை எடு, காலை எடு” என்று பக்கத்திலிருந்த அண்ணன் கத்தினார். இரண்டு பெடலையும் விட்டுவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். வேகம் 60-க்கு இறங்கிய பிறகுதான் ஆட்டம் நின்றது.

காரணம் எளிது. ஐஸ் பெட்டி, இரண்டு பெட்ரோல் கேன், நங்கூரம், கூடாரப் பை எல்லாவற்றையும் எடுத்து வைக்க வசதியாக இருக்கிறதே என்று படகின் பின்பகுதியில் அடுக்கியிருந்தேன். மோட்டாரும் அங்கேதான் தொங்குகிறது.

இரண்டு சக்கர மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். படகு டிரெய்லரும் அதே அமைப்புதான். மாட்டின் கழுத்து இருக்கும் இடத்தில் ஹிட்ச் பந்து இருக்கிறது. மொத்த எடையில் ஒரு பங்கு அந்தப் பந்தை எப்போதும் கீழே அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சாதாரண டிரெய்லருக்கு 10 முதல் 15 சதவீதம் என்பது பரவலான கணக்கு. சில படகு டிரெய்லர்களின் கையேட்டில் இதைவிடக் குறைவாகப் போட்டிருப்பார்கள். உங்கள் டிரெய்லருக்கும் ஹிட்சுக்கும் கையேடு சொல்வதே முடிவு. முன்பாரம் குறைந்தால் பின்பக்கம் ஆடும். அளவுக்கு மேல் கூடினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும், ஸ்டியரிங் லேசாகிவிடும்.

அளப்பதற்கு வீட்டில் நாம் ஏறி நின்று எடை பார்க்கும் சாதாரண எடைக்கருவி போதும். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு வண்டியிலிருந்து கழற்றுங்கள். எடைக்கருவியின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கப்ளரை அதன்மேல் இறக்குங்கள். ஜாக்கிச் சக்கரம் தரையைத் தொடாமல் முழுதாகத் தூக்கியிருக்க வேண்டும். எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

நான் தடுமாறியது கட்டையின் உயரத்தில். கப்ளர், பந்தில் மாட்டியிருக்கும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில்தான் அளக்க வேண்டும். முதல் தடவை சின்னக் கட்டை வைத்து மூக்கைத் தாழ்த்தி அளந்தேன். மூக்குத் தாழ்ந்தால் படகின் கனம் முன்னால் சாயும், எண் கூடுதலாகக் காட்டும். எல்லாம் நன்றாக இருப்பதாக ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். சரியான உயரத்தில் மறுபடி அளந்தபோது வந்தது 34 கிலோ. 980-இல் 34 என்றால் மூன்றரை சதவீதம்தான்!

சரிசெய்யும் கணக்கு நெம்புகோல் கணக்குதான். என் டிரெய்லரில் அச்சிலிருந்து கப்ளர் 4 மீட்டர் முன்னால். நான் பின்னால் அடுக்கிய 90 கிலோ சாமான் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால். 90-ஐ 1.5-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 34. அவ்வளவு கிலோவை என் சாமான் பந்திலிருந்து தூக்கிவிட்டிருக்கிறது. அதை முழுக்க வண்டிக்குள் மாற்றியதும் முன்பாரம் 68 ஆனது, மொத்த எடை 890 ஆனது. அப்படியும் போதவில்லை. வின்ச் (படகை டிரெய்லர் மேல் இழுத்தேற்றும் சுழல்கருவி) தூணின் போல்ட்டுகளைத் தளர்த்தி, தூணை 15 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி, படகையும் முன்னால் இழுத்தேன். படகும் மோட்டாருமாகச் சுமார் 650 கிலோ என்பதால் அது இன்னொரு 24 கிலோவைக் கொடுத்தது. கடைசியில் 92 கிலோ, பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். அதற்குப் பிறகு மிச்சப் பயணம் முழுவதும் எத்தனையோ லாரிகள் தாண்டிப் போயின, ஆட்டமே இல்லை.

இதில் இரண்டு எச்சரிக்கை. படகை நகர்த்தினால், அதன் பின்பலகைக்கு அடியில் டிரெய்லரின் தாங்குபலகை இன்னும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பின்பலகை தாங்கலின்றித் தொங்கினால் அடிப்பாகம் வளையும். அப்புறம், பந்தின் மேல் விழும் முன்பாரமும் வண்டியின் சுமைக்கணக்கில் சேரும். உள்ளே ஆட்களும் சாமானும் நிறைந்திருந்தால் அதையும் கூட்டிப் பாருங்கள்.

ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் தண்டுகள் விற்கிறார்கள். முன்பாரம் சரியாகும் முன் அவற்றை வாங்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. கோளாறு உள்ளேயே இருக்கும், இன்னும் கூடுதல் வேகத்தில் வெளிவரும்.

படி 3: கட்டுவது

வின்ச் பட்டை படகை டிரெய்லர் மேல் இழுப்பதற்கு. பயணத்துக்கு அது மட்டும் போதாது. மூக்கு வளையத்திலிருந்து டிரெய்லருக்குத் தனியாக ஒரு சங்கிலி, பின்பலகையின் இரண்டு வளையங்களிலிருந்து டிரெய்லர் சட்டத்துக்கு இரண்டு ராட்செட் பட்டைகள். படகின் மேலாக ஒரு நீளப் பட்டையைப் போட்டு இறுக்குவதைவிடப் பின்பக்கத்தில் இரண்டு குட்டைப் பட்டைகள் எனக்குப் பிடிக்கும். குட்டையாக இருப்பதால் தளராது, ஓரத்தையும் உரசாது. நீளப் பட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் அரைத் திருப்பு முறுக்கிவிட்டுக் கட்டுங்கள், காற்றில் படபடக்காது.

கப்ளரின் பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் அந்தக் குறுக்குச் சங்கிலிகள் தொட்டில்போலத் தாங்கும், மூக்குத் தரையில் குத்தாது.

அவுட்போர்டு மோட்டாரைத் தூக்கிய நிலையில் நிறுத்த அதிலேயே ஒரு கொக்கி இருக்கும். அது படகு நிற்கும்போது பயன்படுத்த. சாலைக் குலுக்கலைத் தாங்க மோட்டாருக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு தாங்குதண்டு போடுங்கள்.

அடித்தட்டின் வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டு இழுங்கள், மழை பெய்தால் தண்ணீர் வெளியே ஓடிவிடும். கழற்றியதை வண்டிச் சாவியோடு கோத்து வையுங்கள். படகைத் தண்ணீரில் இறக்கும் முன் அதை மாட்ட மறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படி 4: சக்கரம், பேரிங், டயர்

டிரெய்லர்களிலேயே படகு டிரெய்லரின் சக்கரம்தான் தண்ணீரில் முங்கி எழுகிறது. நெடுந்தூரம் ஓடிய ஹப் (பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுக்குடம்) சூடாக இருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். எனவே கிளம்பும் முன் பேரிங்கைக் கழற்றிக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, சீலையும் மாற்றிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் உடனே படகை இறக்காமல் ஹப் ஆறும்வரை பொறுங்கள்.

வில் வைத்த கிரீஸ் மூடிகள் நல்லவைதான், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் கிரீஸ் துப்பாக்கியால் அளவுக்கு மீறி அடித்தால் பின்சீல் பிதுங்கிவிடும்.

முதல் 30 கிலோமீட்டரில் ஒரு முறை, பிறகு நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு ஹப்பையும் சோதியுங்கள். முதலில் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு, அல்லது ஒரு பக்கம் மட்டும் மறுபக்கத்தைவிட மிகவும் சூடு என்றால் மேலே போகாதீர்கள். அந்தச் சமயத்தில் பேரிங்கும் கிரீசும் ஏற்கெனவே பொருத்திய மாற்று ஹப் ஒன்று கையிலிருந்தால் சாலையோரத்திலேயே மாற்றிவிடலாம். நான் வாங்கிய உதிரிகளில் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன்.

டயரில் ஆழமான பள்ளம் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். டிரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட நின்று நின்று கெட்டுப்போவதே அதிகம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் நெடுந்தூரத்துக்கு நான் நம்ப மாட்டேன். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து, டிரெய்லருக்கும் டயருக்கும் குறித்திருக்கும் அளவுக்கு வையுங்கள். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கி, 80 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி பாருங்கள். ஸ்டெப்னியோடு, அதைக் கழற்றும் ஸ்பேனரும் டிரெய்லருக்கு ஏற்ற ஜாக்கியும் இருக்கின்றனவா என்று வீட்டிலேயே ஒரு தடவை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். கார் ஸ்பேனர் பல நேரம் டிரெய்லர் நட்டுக்குச் சேராது.

படி 5: சாலையில்

விளக்குகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எரியவில்லையென்றால் பெரும்பாலும் எர்த் வயர் துருப்பிடித்திருக்கும், முதலில் அதைச் சுரண்டி மாட்டுங்கள்.

நான் 80-ஐத் தாண்டுவதில்லை. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் வழக்கமாக விடும் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல், இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாறுங்கள். திருப்பங்களில் டிரெய்லர் சக்கரம் வண்டிச் சக்கரத்தைவிட உள்வாங்கித்தான் வரும், ஆகவே கொஞ்சம் அகலமாக எடுங்கள். ஆட்டம் வந்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள், எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள்.

ரிவர்சுக்கு ஒரே யோசனை: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கை வையுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். மடங்க ஆரம்பித்தால் சரிசெய்யப் போராடாமல் முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள்.

பிறகு சேர்த்தவை

முன்பாரம் 150 கிலோவுக்கு மேல், எடைக்கருவி தாங்காது என்று ஒருவர் எழுதியிருந்தார். உறுதியான பலகை ஒன்றின் ஒரு முனையைச் செங்கல் மேலும், மறுமுனையை எடைக்கருவி மேலும் வையுங்கள். செங்கல்லிலிருந்து ஓர் அடி, எடைக்கருவியிலிருந்து இரண்டடி இருக்கும் இடத்தில் கப்ளரை இறக்குங்கள். காட்டும் எண்ணை மூன்றால் பெருக்கினால் முன்பாரம். பலகை மட்டும் இருக்கும்போது எடைக்கருவி காட்டும் எண்ணை முதலிலேயே பார்த்து, மூன்றால் பெருக்கும் முன் கழித்துவிடுங்கள்.

வேறு ஏரிக்குக் கொண்டுபோகும் முன் படகைக் கழுவ வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். கட்டாயம். அடித்தட்டுத் தண்ணீரை வடித்து, பாசியையும் சிப்பியையும் துடைத்து, நன்றாகக் காய வையுங்கள். வரிக்குதிரைச் சிப்பி என்ற சின்னச் சிப்பி கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதியைச் சேர்ந்தது. 1980-களின் கடைசியில் வட அமெரிக்காவின் பேரேரிகளில் தென்பட்டு, பிறகு ஏரி ஏரியாகப் பரவியது. அது பரவிய வழிகளில் டிரெய்லரில் போன படகுகளும் ஒன்று. சில இடங்களில் சாலையிலேயே நிறுத்திச் சோதிக்கிறார்கள்.

மேடான தரையில் ரிவர்ஸ் எடுத்தால் டிரெய்லர் பிரேக் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறது என்று இன்னொருவர். கப்ளர் உள்ளே அழுந்தினால் பிடிக்கும் வகைப் பிரேக் அது. பின்னால் தள்ளும்போதும் நாம் பிரேக் போட்டதாகவே எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்கச் சில டிரெய்லர்களில் ரிவர்ஸ் விளக்கு வயரோடு சேர்ந்த ஒரு வால்வு இருக்கும். அந்த வயர் உங்கள் வண்டியின் பிளக்கில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வால்வு இல்லாத பழைய டிரெய்லர் என்றால் கப்ளரில் கையால் செருகும் பூட்டுப்பின் இருக்கும். ரிவர்ஸ் முடிந்ததும் அதை மறக்காமல் எடுத்துவிடுங்கள். அது உள்ளே இருக்கும்வரை டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது.