அறுப்பின் பண்டிகை முதல் வருடப்பிறப்பு வரை: சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் நோட்டீஸ் போர்டில் இடம் இருக்காது. அறுப்பின் பண்டிகை, ஆலயம் பிரதிஷ்டை ஆன நாளை நினைவுகூரும் பிரதிஷ்டை பண்டிகை, சபையார் சமைத்து ஊருக்கே பந்தி போடும் அசனம், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஆண்டு விழா, வாலிபர் கூடுகை, டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம், கடைசியாக வருட முடிவு இரவு ஆராதனை. சேகர கமிட்டி (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின் கமிட்டி) கூடும், தேதி குறிக்கும். பந்தல், மைக் செட், சமையல்காரர், பிரசங்கியார் என்று பேச்சு நீளும். யாரெல்லாம் வராமல் போகிறார்கள், ஏன் வருவதில்லை என்பது மட்டும் எந்தக் கமிட்டியிலும் பேச்சுக்கு வருவதில்லை. நான் பார்த்தவரை நம் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

இது புதிய பிரச்சினை இல்லை. வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் ஆதி சபைக்குள் எழுந்த முறுமுறுப்பு உபதேசத்தைப் பற்றியது அல்ல, பந்தியைப் பற்றியது. கிரேக்க மொழி பேசிய குடும்பத்து விதவைகளை அன்றாட உணவு விசாரிப்பில் விட்டுவிட்டார்கள் என்ற மனக்குறை அது. அப்போஸ்தலர்கள் அதைச் சில்லறை விஷயம் என்று தள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு என்று தொடங்கும் அந்த ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டுப்போனவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்துப் பொறுப்பைக் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். நம் கமிட்டிகளில் இதை எத்தனை பேர் செய்கிறோம்?

முதலில் அறிவிப்பு. இப்போது எல்லாம் வாட்ஸப்பில்தான். குரூப்பில் போட்டாயிற்று, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கும், கண் மங்கிய தாத்தாவுக்கும், குரூப்பில் சேர்க்க யாருக்கும் தோன்றாத புதுக் குடும்பத்துக்கும் அது போய்ச் சேர்வதே இல்லை. ஆராதனை முடியும் நேரத்தில் பத்து அறிவிப்புகளை மூச்சு விடாமல் வாசிப்பதும் அதே கதைதான். தெருவாரியாகப் பிரித்து, ஏழெட்டு வீட்டுக்கு ஒருவர் நேரில் போய்ச் சொல்வதுதான் பழைய வழக்கம். கிராமச் சபைகளைக் கவனித்துவந்த உபதேசியார்கள் காலத்தில் அப்படித்தான் நடந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு பைசா செலவில்லை. போகிறவர் தேதியைச் சொல்வதோடு நின்றுவிடாமல், "உங்களைக் கூட்டிட்டுப் போக வண்டி வேணுமா பாட்டி?" என்று கேட்டுவிட்டு வரவேண்டும். பல வீடுகளில் தடையாக இருப்பது மனமில்லாமை அல்ல, முழங்கால் வலி.

ஏலத்தில் போகும் மரியாதை

அறுப்பின் பண்டிகை என்றால் எங்கள் பக்கம் ஏலம்தான் உயிர். வாழைத்தார், தேங்காய், பூசணி, முருங்கைக்காய்க் கட்டு, சேவல், ஆட்டுக்குட்டி எல்லாம் ஆலயத்தின் முன்னால் வரிசையாக வந்து நிற்கும். ஒரு நாட்டுக்கோழி முட்டை ஏலத்துக்கு வரும். எடுத்தவர் அதைத் திரும்பக் காணிக்கையாகவே வைப்பார், மறுபடியும் ஏலம் போகும். அந்தச் சிரிப்பும் சத்தமும் நல்லவைதான். விளைச்சலின் முதற்பங்கைக் கொண்டுவந்து வைக்கும் வழக்கத்தில் பெரிய அழகு இருக்கிறது.

தவறு எங்கே வருகிறது என்றால், உற்சாகத்தில் ஏலம் எடுத்துவிட்டுக் கையில் பணம் இல்லாதவர்கள் உண்டு. அந்தப் பாக்கியை அடுத்த மாதம் சபையில் பெயரோடு வாசிக்கிறார்கள். அன்றைக்கு ஏலத்தில் கை தூக்கியவர் அதற்குப் பிறகு கோயில் பக்கம் தலைகாட்டுவதில்லை. காணிக்கைத் தொகையை ரூபாய் சொல்லி மைக்கில் படிப்பதும் இதே காயத்தைத்தான் உண்டாக்கும். பெரிய தொகைக்குக் கைதட்டு, சின்னத் தொகைக்கு அமைதி. அந்த அமைதியில் உட்கார்ந்திருப்பவரின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். பெயர்களை அகர வரிசையில் படித்து, தொகையை விட்டுவிடலாம். ஏலப் பாக்கி இருந்தால் பொருளாளர் தனியாக வீட்டுக்குப் போய்ப் பேசலாம், கொடுக்க முடியாது என்று தெரிந்தால் கமிட்டியே அதை விட்டுவிடலாம்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கமும் நம்மிடமே இருக்கிறது: கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போது வீட்டு அம்மா ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துப் பானையில் போட்டு வைப்பார். சேர்ந்ததும் சங்கத்துக்குக் கொண்டுவந்து கொட்டுவார். எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் கலந்துவிடும். யாருடையது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சில சபைகளில் இது நின்றேபோய்விட்டது. இந்த அறுப்பின் பண்டிகையிலேயே மறுபடி தொடங்கலாம்.

அசனம்

சபையின் நிகழ்ச்சிகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது அசனம்தான். முந்தின இரவே ஆண்கள் தேங்காய் துருவ, பெண்கள் கத்தரிக்காயும் வெங்காயமும் நறுக்க, வளாகமே விழித்திருக்கும். காலையில் ஆலயத்தில் ஜெபித்துப் பந்தியைத் தொடங்குவார்கள். ஊரில் எந்த மதத்தவரானாலும் வந்து சாப்பிடலாம், தூக்குவாளியில் வீட்டுக்கும் வாங்கிப் போகலாம். அதனால்தான் இதில் நடக்கும் தவறுகள் அதிகம் வலிக்கின்றன.

நாற்காலி போட்டு, மேஜை விரித்து, "முக்கியஸ்தர்களுக்கு" என்று தனிப் பந்தி வைப்பது முதல் தவறு. நன்கொடை பெரிதாகத் தந்தவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட, கூலி வேலைக்குப் போகிறவர் வெயிலில் வரிசையில் நிற்கிறார். பவுல் கொரிந்து சபையைக் கடிந்துகொண்டது இதற்காகத்தான். அங்கே வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் வெட்கப்பட்டு நின்றார்கள். முட்டி மடக்க முடியாத பெரியவர்களுக்கு நாற்காலி போடுங்கள், யாராக இருந்தாலும். மற்ற எல்லாரும், வந்திருக்கும் விருந்தினர் உட்பட, ஒரே பந்தியில் உட்காரட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஜாதி. வெளியே தெரியும்படி யாரும் பிரித்து உட்கார வைப்பதில்லை. ஆனால் சமையல் பொறுப்பு யாரிடம், பரிமாறுகிறவர் யார், எச்சில் இலை எடுக்க யாரைக் கூப்பிடுகிறோம் என்று ஒரு வருடம் கவனித்தால் போதும், தெரிந்துவிடும். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இலேயே தென்னிந்தியச் சபைகளில் ஜாதி வேற்றுமை உடனடியாக, முற்றிலுமாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. கிட்டத்தட்ட இருநூறு வருடம் ஆகப்போகிறது. இலை எடுக்கும் வேலைக்கும் பரிமாறும் வேலைக்கும் சுழற்சிப் பட்டியல் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். முதல் பெயர் சேகர குருவுடையதாக இருக்கட்டும், அடுத்தது செயலாளர்.

உணவுப் பாதுகாப்பைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு வடித்த சோறு மதியம் இரண்டு மணி வரை பாயில் குவிந்து கிடக்கும். சமைத்த உணவு 60 டிகிரிக்குக் கீழே ஆறி, சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமி பெருகும். சோற்றில் உண்டாகும் சில நச்சுகள் திரும்பச் சூடாக்கினாலும் போகாது. எனவே மொத்தமாக ஒரே நேரத்தில் வடிக்காமல் பந்திக்குப் பந்தி வடிக்கச் சொல்லுங்கள். கறிக்குழம்பு அடுப்பிலேயே கொதி நிலையில் இருக்கட்டும். வாளியில் வாங்கிப் போகிறவர்களிடம் "ராத்திரிக்கு வைக்காதீங்க, மதியமே சாப்பிட்டிருங்க" என்று பரிமாறுகிறவரே சொல்லட்டும். அப்புறம், ஆட்டுக்கறி சாப்பிடாத அக்கம்பக்கத்தார் வருவார்கள். அவர்களுக்குச் சாம்பாரும் கூட்டும் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு வேண்டும்.

கேரல் போகும் இரவுகள்

பழைய ஆட்கள் இன்னும் பஜனை என்றுதான் சொல்வார்கள். டிரம்மும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் வந்தால் தெருவே எழுந்து நிற்கும். ஆனால் திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ள சட்டம். பண்டிகைக்காகச் சில நாட்கள் நள்ளிரவு வரை அரசு தளர்வு தர விதியில் இடமுண்டு, அதுவும் அறிவித்த நாட்களுக்கு மட்டும். காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பத்து மணிக்குமேல் மைக்கை அணைத்துவிட்டு வெறும் குரலில் பாடுங்கள். ஒரு கீர்த்தனையை ஆர்மோனியமும் கைத்தாளமும் மட்டும் வைத்துப் பாடும்போது வரும் இனிமை, ஸ்பீக்கர் பெட்டியில் வராது என்பது என் அபிப்பிராயம்.

எந்த வீட்டுக்குப் போகிறோம் என்பதுதான் கேரலில் பெரிய விஷயம். கேக்கும் டீயும் கவரும் கிடைக்கும் வீட்டில் நாலு பாட்டு, சந்துக்குள் இருக்கும் ஓட்டு வீட்டில் ஒரு சரணம் என்று ஆகிவிடக் கூடாது. எல்லா வீட்டுக்கும் ஒரே எண்ணிக்கை என்று கிளம்பும்போதே முடிவு செய்துவிட வேண்டும். அந்த வருடம் சாவு நடந்த வீட்டைச் சில குழுக்கள் தாண்டிப் போய்விடும். மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் கணவனை இழந்த அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, பாட்டு தன் வீட்டைத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். முந்தின நாளே இரண்டு பெண்கள் போய், "வரலாமாம்மா? பாட வேண்டாம்னா ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போறோம்" என்று கேட்டால் போதும். வேண்டாம் என்று அவரே சொல்லட்டும், நாமாக முடிவெடுக்க வேண்டாம்.

லோடு ஆட்டோவில் பிள்ளைகளை நிற்க வைத்து நடுராத்திரி ஊர் ஊராகப் போவது மகா தவறு. பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நடந்து போகும் தெருக்களுக்கு மட்டும் வரட்டும். ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டு வாசலில் ஒப்படைத்தபின்தான் குழு கலைய வேண்டும்.

பிள்ளைகளின் நாடகம்

ஒத்திகை மாலை ஆறு மணிக்கு மேல்தான் நடக்கும், ஏனென்றால் பள்ளிக்கூடம் விட்டு வரவேண்டும். ஒரே ஒரு ஆசிரியர், இருபது பிள்ளைகள், இருட்டிய வளாகம். இது கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். தனி அறையில் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் இருக்கக் கூடாது, அவர் எவ்வளவு மதிப்புக்குரியவராக இருந்தாலும். பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்ததாகச் சந்தேகம் வந்தால் கமிட்டியில் வைத்துப் பேசி முடிக்கப் பார்ப்பதுதான் நம் சபைகளில் நடக்கும் மிகக் கொடிய தவறு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098ஐ ஞாயிறு பள்ளி அறையின் சுவரில், பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதி வையுங்கள்.

வேடம் பற்றியும் ஒரு வார்த்தை. மரியாளாக நடிக்க வெளுத்த நிறமுள்ள பெண் பிள்ளையையே தேடுகிறோம், கறுத்த பிள்ளைகளுக்கு மேய்ப்பர் வேடமும் ஆடு வேடமும். ஏழு வயதில் கோயிலுக்குள் கற்றுக்கொள்ளும் இந்தப் பாடம் மறக்கவே மறக்காது. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். உடைக்கு வாடகைப் பணம் கேட்காதீர்கள். வீட்டில் உள்ள சேலையும் துண்டும் பெத்லகேமுக்குத் தாராளமாகப் போதும்.

மழையும் கணக்கும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் நம் பண்டிகைகள் எல்லாம் வருகின்றன. ஆனாலும் மாற்று ஏற்பாடு இல்லாமல் திறந்தவெளியில் மேடை போடுகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அதன்பிறகாவது ஒவ்வொரு சேகரமும் மூன்று விஷயங்களை எழுதி வைத்திருக்க வேண்டும்: தாழ்வான தெருவில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார் யார், ஆலய மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, ஐம்பது பேருக்கு ஒரு நாள் சமைக்க அரிசியும் கேஸும் இருக்கிறதா.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு வர முடியாதவர்களுக்காக ஜனவரி 1 காலையிலும் திருவிருந்து ஆராதனை வையுங்கள். புது வருடத்துக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளில் சிலவற்றை எடுத்து வைத்து, படுக்கையில் இருப்பவர்களுக்கு அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கணக்கை ஜனவரிக்குள் முடித்துவிடுங்கள். காணிக்கையை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். கேரல் உண்டியலும் அப்படித்தான். கூகுள் பே, போன்பே வழியாக வரும் பணம் பொருளாளரின் சொந்த எண்ணுக்குப் போகக் கூடாது, சபையின் வங்கிக் கணக்கின் கியூ.ஆர். அட்டையையே வாசலில் வையுங்கள். அசனத்துக்கு ஆடு வாங்கிய சீட்டு முதல் பந்தல்காரர் ரசீது வரை எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும், கேட்டவர் யாராக இருந்தாலும், "உனக்கெதுக்கு?" என்று கேட்காமல் எடுத்துக் காட்டுங்கள்.