ஜியோகேஷிங் தொடங்க எந்த ஆப்? போனில் ஏற்றுவதிலிருந்து முதல் டப்பாவைப் பதிவுசெய்வது வரை

விளையாட்டு புதிது என்பவர்களுக்கு இரண்டு வரியில்: ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். அந்த டப்பாவுக்குப் பெயர்தான் கேஷ். ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நிறுத்தியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் ஒரு வாளியைப் புதைத்து வைத்தார். அதிலிருந்து தொடங்கியது இது.

அப்போது தனி ஜிபிஎஸ் கருவி வேண்டும். இப்போது போனே போதும். ஆனால் ஸ்டோரில் "ஜியோகேஷிங்" என்று தேடினால் ஒரு டஜன் ஆப் வந்து நிற்கும். எதை ஏற்றுவது என்ற கேள்விக்குப் பெரும்பாலானோர் வசதிப் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அது தலைகீழ் வழி. பார்க்க வேண்டியவை இரண்டு: உங்கள் கணக்கு எந்தக் கேஷ்களைப் பார்க்க அனுமதிக்கிறது, போகும் இடத்தில் நெட்வொர்க் இருக்குமா. வரைபடத்தின் அழகெல்லாம் அப்புறம்.

படி 1: கணக்கு தொடங்குங்கள், உங்கள் ஊரைப் பாருங்கள்

ஆப் ஏற்றுவதற்கு முன் ஜியோகேஷிங்.காம் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். கூகுள் அல்லது ஃபேஸ்புக் பொத்தானை அழுத்தி உள்ளே போகாமல், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வைத்துத் தொடங்குவது நல்லது. காரணம் படி 3-இல் வரும்.

அடுத்து, அதே தளத்தின் வரைபடத்தில் உங்கள் ஊரைப் பாருங்கள். சிங்கப்பூர், ஜெர்மனி, இங்கிலாந்து, கனடாவில் இருப்பவர்களுக்கு நடக்கும் தூரத்திலேயே நிறையக் கிடைக்கும். தமிழ்நாட்டில் கேஷ்கள் மிகக் குறைவு; பக்கத்து ஊர் வரை போகவேண்டியிருக்கலாம், பல மாதமாக யாரும் போகாத டப்பாவாகவும் இருக்கலாம். அருகில் ஒன்றுமே இல்லையென்றால் எந்த ஆப்பும் உதவாது. வெளிநாட்டுப் பயணம் வரும்போது தொடங்கலாம்.

படி 2: அதிகாரபூர்வ ஆப்பை ஏற்றுங்கள், அதன் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

தளத்தை நடத்தும் சியாட்டில் நிறுவனத்தின் ஆப் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசம். முதல் நாளுக்கு இதுவே எளிது: வரைபடத்தில் பச்சைப் புள்ளியைத் தொட்டு, விவரத்தைப் படித்து, வழிகாட்டச் சொல்லலாம், கண்டதும் அங்கேயே பதிவுசெய்யலாம்.

சிக்கல் இதுதான். இலவசக் கணக்கில் இந்த ஆப் எளிதான கேஷ்களை மட்டுமே திறந்து காட்டும். மற்றவை சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடக்கும், "பிரீமியம் (காசு கட்டும் உறுப்பினர் திட்டம்) வாங்குங்கள்" என்று வரும். "எங்கள் ஊரில் மூன்றே கேஷ்தான்" என்று சொல்பவர்களில் பலர் இந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுச் சொல்பவர்கள். பூட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒளித்தவரே "பிரீமியம் உறுப்பினருக்கு மட்டும்" என்று வைத்தது. இதை இலவசக் கணக்கில் எந்த வழியிலும் பார்க்க முடியாது. இன்னொன்று, ஆப் மட்டும் பூட்டியது. இதே கேஷை போனின் பிரவுசரில், தளத்தில் திறந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, ஒளித்தவர் தந்த குறிப்பு எல்லாம் தெரியும். காசு கட்டும் முன் இதைச் சோதித்துப் பாருங்கள்.

பட்டியலைப் போனில் இறக்கி நெட் இல்லாமல் பயன்படுத்தும் வசதியும் இந்த ஆப்பில் பிரீமியத்துக்குத்தான்.

படி 3: ஆண்ட்ராய்டு என்றால் சி:ஜியோ

இலவசம், திறந்த மூலம், விளம்பரம் இல்லை. தன்னார்வலர்கள் எழுதிப் பராமரிப்பது. பிரீமியம் உறுப்பினருக்கென்று ஒதுக்காத கேஷ்கள் எல்லாவற்றையும், கடினமானவை உட்பட, இலவசக் கணக்கிலேயே காட்டும். நெட் இல்லாத இடத்துக்கும் காசு கேட்காது. திரை கொஞ்சம் நெரிசலாக இருக்கும், மெனு அதிகம். இரண்டு நாளில் பழகிவிடும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் வேறு எதையும் தேடவேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

ஏற்றும் வரிசை:

1. பிளே ஸ்டோரிலிருந்து நிறுவித் திறந்ததும் அமைவு வழிகாட்டி வரும். இருப்பிட அனுமதியையும் கோப்புறை அனுமதியையும் கொடுங்கள். கோப்புறையைத் தவிர்த்தால் வரைபடமும் காப்புப்பிரதியும் சேமிக்க இடமிருக்காது.

2. சேவைகள் பகுதியில் ஜியோகேஷிங்.காமை இயக்கி, பயனர்பெயர், கடவுச்சொல் கொடுங்கள். ஃபேஸ்புக் வழியாகக் கணக்கு தொடங்கியவர்களுக்கு இங்கேதான் உள்நுழைவு தோற்கும், ஏனென்றால் அவர்களிடம் கடவுச்சொல்லே இல்லை. தளத்தில் "கடவுச்சொல் மறந்துவிட்டது" வழியாகப் புதிதாக ஒன்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

3. வைஃபையில் இருக்கும்போதே, ஆப்பின் உள்ளேயிருந்தே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையிலான ஆஃப்லைன் வரைபடத்தை இறக்குங்கள். சிங்கப்பூர் தனியாக இல்லையே என்று தேடவேண்டாம். அது மலேசியா, புருணையோடு ஒரே கோப்பில் இருக்கும். இறக்கியபின் வரைபடத் திரையில் மூலத்தை அந்தக் கோப்புக்கு மாற்றவேண்டும். இதை மறந்துவிட்டு, காட்டுக்குள் போய் வெள்ளைத் திரையைப் பார்ப்பவர்கள் அதிகம்.

4. போகவிருக்கும் பகுதியை வரைபடத்தில் கொண்டுவந்து, அங்குள்ள கேஷ்களைச் சேமியுங்கள். சேமித்தால்தான் விவரம், குறிப்பு, பழைய பதிவுகள் எல்லாம் போனில் இருக்கும். வரைபடத்தில் புள்ளி தெரிவதாலேயே விவரமும் உள்ளே இருக்கிறது என்று நினைக்கக் கூடாது.

ஓப்பன்கேஷிங் என்ற இன்னொரு தளக் குடும்பமும் உண்டு. ஜெர்மனி, போலந்துப் பக்கம் பயன்படும். சி:ஜியோ அதையும் காட்டும்.

படி 4: ஐபோன் என்றால்

சி:ஜியோ ஐபோனுக்குக் கிடையாது. அதிகாரபூர்வ ஆப்பில் தொடங்கி, அதில் பூட்டியிருப்பவற்றுக்கு சஃபாரியில் தளத்தைத் திறந்து எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். நேராக கேஷ்லி என்ற ஆப்பை வாங்கச் சொல்பவர்கள் உண்டு. நல்ல ஆப்தான்: ஆஃப்லைன் வரைபடம், பட்டியல், பதிவு வார்ப்புரு எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் அது தளத்தோடு ஒப்பந்தம் உள்ள வழியில் தகவல் எடுக்கும் ஆப். அந்த வழியில் இலவசக் கணக்குக்கு ஒரு நாளைக்கு 3 கேஷ்களின் முழு விவரம்தான் கிடைக்கும். ஆப்புக்குக் காசு கொடுத்தும் கட்டுப்பாடு நீங்காது, பிரீமியமும் வேண்டும். ஆகவே பிரீமியம் எடுப்பது என்று முடிவானபின் கேஷ்லி. அதற்கு முன் வேண்டாம். லுக்கிங்4கேஷ் என்ற ஆப்பின் இலவசப் பதிப்பைப் பார்ப்பவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரீமியம் எப்போது? பத்து, பதினைந்து டப்பா கண்டபின்னும் ஆர்வம் குறையவில்லை என்றால். அப்போது ஒரு கோரிக்கைக்கு 1000 கேஷ் வீதம் மொத்தமாக இறக்கும் "பாக்கெட் குவெரி" கிடைக்கும். நீண்ட பயணத்துக்கு மிக உதவி.

படி 5: போனைத் தயார்செய்யுங்கள்

ஆப்பைக் குறைசொல்பவர்கள் பாதிப்பேருக்குக் கோளாறு இங்கேதான்.

*துல்லிய இருப்பிடம்.* ஆண்ட்ராய்டு 12 முதலும், ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும், ஆப்புக்குத் துல்லியமான இடம் கொடுப்பதா, தோராயமான இடம் மட்டும் கொடுப்பதா என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். தோராயம் என்றிருந்தால் ஆப்பில் டப்பாவின் திசையைக் காட்டும் அம்பு ஓரிரு கிலோமீட்டர் அளவில் தடுமாறும். இருப்பிட அனுமதிக்குள் போய் ஆப்பைத் தேர்ந்தெடுத்து, துல்லிய இருப்பிடத்தை இயக்குங்கள்.

*பேட்டரி சேமிப்பு.* இது இயங்கினால் பல ஆண்ட்ராய்டு போன்களில் திரை அணைந்ததும் ஜிபிஎஸ் நின்றுவிடும். சேமிப்பை அணைத்துவிட்டு, ஆப்புக்குப் பேட்டரி கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். சக்தி மிச்சம் வேண்டுமானால் ஆஃப்லைன் வரைபடத்தோடு ஏர்பிளேன் மோடில் போடுங்கள். ஜிபிஎஸ் சிக்னலைப் பெறமட்டுமே செய்வதால் அந்த நிலையிலும் அது வேலை செய்யும். ஆனால் ஏர்பிளேன் மோடுக்கு மாற்றுவதற்கு முன், நெட் இருக்கும்போதே ஒருமுறை இடத்தைப் பிடிக்கவிடுங்கள். செயற்கைக்கோள்களின் நிலையைப் போன் நெட் வழியாக வேகமாக வாங்கிக்கொள்ளும். நெட் இல்லாமல் முதலிலிருந்து பிடிக்க நிமிடக்கணக்கில் ஆகும்.

*திசைகாட்டி.* காந்தமுள்ள உறை, காரில் ஒட்டும் காந்தத் தகடு இருந்தால் கழற்றுங்கள். போனைக் காற்றில் 8 வடிவில் சில முறை சுழற்றுங்கள். ஐபோனில் இருப்பிடச் சேவைகளுக்குள் கணினிச் சேவைகளில் திசைகாட்டி அளவீடு இயங்கவேண்டும்.

எல்லாம் சரியா என்று பார்க்க ஆண்ட்ராய்டில் ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவச ஆப் போதும். மொட்டைமாடியில் நின்று பாருங்கள். வெட்டவெளியில் நல்ல போன் 5 மீட்டர் அளவில் துல்லியம் காட்டும். உயரக் கட்டடங்களுக்கு நடுவே சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலால் அது பல மடங்கு கெடும்.

படி 6: எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜியோகேஷிங்கில் இடத்தை எழுதுவது பாகையும் தசம நிமிடமுமாக. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு (அங்கே கேஷ் இருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள்): வடக்கு 13° 05.500, கிழக்கு 80° 16.500. இதைச் சிலர் கூகுள் மேப்பில் 13.05500, 80.16500 என்று அடிக்கிறார்கள். தவறு. நிமிடத்தை 60-ஆல் வகுக்கவேண்டும்: 5.5 ÷ 60 = 0.09167, 16.5 ÷ 60 = 0.275. ஆக, சரியானது 13.09167, 80.27500. வகுக்காமல் விட்டால் சென்னை சௌகார்பேட்டைப் பக்கம் போகவேண்டியவர் 12 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மதுரவாயல் பக்கம் நிற்பார். கணக்கே போடவேண்டாம் என்றால் பாகைக் குறிக்குப் பதில் இடைவெளிவிட்டு "13 05.500, 80 16.500" என்று அடியுங்கள், கூகுள் மேப் புரிந்துகொள்ளும்.

கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய 1.85 மீட்டர். எண் அவ்வளவு நுணுக்கமாக இருப்பதால் டப்பாவும் அங்கேயே இருக்கும் என்று எண்ணவேண்டாம். ஒளித்தவரின் கருவியில் 5 மீட்டர் பிழை, உங்களுடையதில் 5 மீட்டர் பிழை. தேடும் வட்டம் 10 மீட்டர் ஆகிவிடும்.

படி 7: முதல் கேஷைத் தேர்ந்தெடுங்கள்

ஆப்பின் வடிகட்டியில் இவற்றை வையுங்கள்: வகை டிரெடிஷனல் (கொடுத்த இடத்திலேயே டப்பா இருக்கும் வகை), கடினம் 1.5-க்குள், நிலப்பரப்பு 1.5-க்குள், அளவு ஸ்மால் அல்லது ரெகுலர். இரண்டு மதிப்பும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். நிலப்பரப்பு 1 என்றால் சக்கர நாற்காலியில் போகலாம். 5 என்றால் கயிறோ படகோ வேண்டியிருக்கும். மைக்ரோ என்பது 100 மில்லிலிட்டருக்கும் குறைவு, விரல்நுனி அளவு டப்பாவும் அதில் அடக்கம். முதல் நாளுக்கு வேண்டாம். ஸ்மால் 1 லிட்டர் வரை.

அடுத்து, கடைசி நான்கைந்து பதிவுகளைப் படியுங்கள். சமீபத்தில் யாராவது கண்டிருந்தால் போகலாம். வரிசையாக "கிடைக்கவில்லை" என்று இருந்தால் டப்பா தொலைந்திருக்கும். புதியவர்கள் மனமுடைவது பெரும்பாலும் இல்லாத டப்பாவைத் தேடித்தான். கேள்விக்குறிப் புள்ளிகளைத் தொடாதீர்கள். புதிரை அவிழ்த்தால்தான் சரியான இடம் தெரியும், வரைபடத்தில் காட்டும் இடத்தில் ஒன்றும் இருக்காது.

படி 8: களத்தில்

கூகுள் மேப்பை வண்டி நிறுத்தும் இடம் வரை மட்டும் பயன்படுத்துங்கள். வழிகாட்டும்போது அது உங்களைச் சாலையோடு ஒட்டிவைக்கும், டப்பா சாலையில் இருக்காது. அங்கிருந்து ஜியோகேஷிங் ஆப்பின் வரைபடம். கடைசி 30 மீட்டருக்கு அதன் திசைகாட்டி.

10 மீட்டருக்குள் வந்ததும் அம்பு பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றும். இயல்புதான், அதன் பின்னால் ஓடாதீர்கள். ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், எண் படியும். பிறகு 20 மீட்டர் விலகி வேறு திசையிலிருந்து வாருங்கள். இரண்டு மூன்று திசையிலிருந்து வந்து அம்புகள் சந்திக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு போனைப் பையில் போடுங்கள். இனி கண்ணுக்குத்தான் வேலை: இயற்கைக்கு மாறாக அடுக்கிய கற்கள், வேலிக் கம்பியின் பின்புறம், இரும்புப் பலகைக்குக் கீழே காந்தத்தில் ஒட்டியது. பொந்துக்குள் கைவிடும் முன் குச்சியால் தட்டுங்கள். குறிப்பைத் திறக்க ஆப்பில் ஒரு தொடுதல் போதும். பதினைந்து நிமிடத்துக்குப் பின்னும் வீம்பு பிடிக்கவேண்டாம், திறந்துவிடுங்கள்.

படி 9: பதிவு

தாளில் எழுதாமல் ஆப்பில் மட்டும் "கண்டேன்" என்று போட்டால் ஒளித்தவர் அதை நீக்கிவிடலாம். ஆகவே பேனா எடுத்துப் போங்கள். டப்பாவில் பெரும்பாலும் இருக்காது. கிடைக்கவில்லை என்றால் "கிடைக்கவில்லை" என்றே பதிவிடுங்கள். அடுத்து வருபவருக்கும் ஒளித்தவருக்கும் அது தகவல். புகைப்படத்தில் டப்பா இருக்கும் இடம் தெரியக் கூடாது. உள்ளே எண் பொறித்த உலோக வில்லை இருந்தால் அது ஊர் ஊராகப் பயணம் போகும் பொருள். இன்னொரு டப்பாவில் வைக்க முடியும் என்றால் மட்டும் எடுங்கள், அதிலுள்ள எண்ணைப் பதிவிலோ படத்திலோ வெளிப்படையாகப் போடாதீர்கள்.

நெட் இல்லாத இடத்தில் சி:ஜியோவில் ஆஃப்லைன் பதிவாகவும், அதிகாரபூர்வ ஆப்பில் வரைவாகவும் சேமிக்கலாம். இரண்டும் தானாகப் போய்விடும் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் திறந்து, தேதி சரியா என்று பார்த்து அனுப்புங்கள். மறுநாள் அனுப்புபவர்களுக்குத் தேதி பெரும்பாலும் ஒரு நாள் தள்ளி விழுகிறது.