பிள்ளைகள் காய் சாப்பிடுகிறார்களா என்று அளப்பது எப்படி

சாம்பாருக்குக் காயைச் சிறிதாக நறுக்கத் தொடங்கிய முதல் வாரமே தட்டுகள் காலியாகத் திரும்பின. பதினேழு ஆண்டுகளாகச் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் நானும் ஏமாந்து மகிழ்ந்தேன். பிறகுதான் கூடத்துக்குப் பின்னாலுள்ள வேப்பமரத்தடியில் காக்கைக் கூட்டத்தையும், அவற்றின் முன்னே கேரட் துண்டுகளையும் பார்த்தேன். அன்றிலிருந்து தட்டை நம்புவதில்லை, தராசைத்தான் நம்புகிறேன்.

காயை வேகவைத்து, நீரை வடித்து, எடை போட்ட பிறகு சாம்பாரில் சேருங்கள். சாப்பிட்டதும் தட்டு கழுவும் இடத்துக்கு முன்பாகவே ஒரு வாளி வையுங்கள். தண்ணீர் பட்டுவிட்டால் எடை பொய் சொல்லும். வாளியில் விழுந்த காயை ஜல்லிக் கரண்டியால் அரித்தெடுத்து நிறுங்கள். அண்டாவில் மிஞ்சிய காயையும் நிறுத்து, முதலில் போட்ட எடையிலிருந்து கழிக்க வேண்டும். மரத்தடிக்கு ஒருவரை அனுப்புங்கள். ஏன் அளக்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அன்று மட்டும் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள்.

வாளியின் எடையை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. ஒரு நாள் 40 பேருக்கு 1,800 கிராம் காய் பரிமாறினோம். 600 கிராம் வாளிக்குப் போனது. அடுத்த முறை 480 கிராம்தான். குறைந்துவிட்டதே என்று சமையலர் அக்கா பூரித்துப்போனார். ஆனால் அன்று வந்தவர்கள் 32 பேர், பரிமாறியது 1,440 கிராம். கழித்து, தலைக்கு வகுத்தால் இரண்டு நாளும் 30 கிராம்தான்!

சாம்பார் நாளைச் சாம்பார் நாளோடுதான் ஒப்பிட வேண்டும். முதல், மூன்றாம் வாரங்களின் உணவுப் பட்டியல் வேறு, இரண்டாம், நான்காம் வாரங்களுடையது வேறு. மாற்றத்துக்கு முன் நான்கு நாள், பின் நான்கு நாளாவது வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும், பரவாயில்லை. கோயில் கொடைக்கு மறுநாளையும், ஊரில் காய்ச்சல் பரவும் வாரத்தையும் விட்டுவிடுங்கள். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. காலையில் பொங்கல் சாப்பிட்ட பிள்ளைக்கு மதியப் பசி வேறு. அதற்கு முந்தைய கணக்கை இப்போதையதோடு சேர்த்துப் பார்க்க முடியாது.

வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டுப் பயனில்லை. பிரியாணி என்றுதான் சொல்லும். அம்மாவிடம் கேளுங்கள். 'காய் சாப்பிடுவானா?' என்றால் 'சாப்பிடுவான்' என்றுதான் பதில் வரும். நேற்று எழுந்ததிலிருந்து தூங்கும்வரை வாயில் போட்டது என்ன என்று வரிசையாகக் கேளுங்கள்.

எங்கள் கூடத்தில் நறுக்கும் முறையை மாற்றிய பின் சராசரி 30-இலிருந்து 34 கிராமானது. அதைப் பதிவேட்டில் வெற்றி என்று எழுதவில்லை, ஏனென்றால் மாற்றத்துக்கு முன்பே அது 27-க்கும் 35-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு சாம்பார் நாள்கள் அளக்கப் போகிறேன்.