.22 ரைபிளுக்குச் சுடுதளம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் .22 ரைபிள் (குழலின் உள்விட்டம் சுமார் 0.22 அங்குலம்) சுடப் பழக விரும்புகிறவர் முதலில் செய்யும் வேலை, கைபேசி வரைபடத்தில் ‘ஷூட்டிங் ரேஞ்ச்’ என்று தேடுவதுதான். ‘ஷூட்டிங்’ என்ற சொல்லை நம் ஊரில் சினிமா எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டதால் படப்பிடிப்புத் தளங்களும் பங்களாக்களும் அந்தப் பட்டியலில் வந்து நிற்கும். அவற்றைச் சிரித்துக்கொண்டே விலக்கிவிடலாம். எஞ்சியிருக்கும் பெயர்களில்தான் உண்மையான குழப்பம் தொடங்குகிறது.

எல்லாச் சுடுதளமும் ஒன்றுதான் என்று எண்ணுவதே தவறுகளில் தலையாயது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் பதக்கங்கள் வென்றது 10 மீட்டர் ஏர் ரைபிளில். ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது 50 மீட்டர் மூன்று நிலைப் (மண்டியிட்டும், படுத்தும், நின்றும் சுடும்) போட்டியில், .22 ரைபிளில். இரண்டும் ரைபிள் என்றே அழைக்கப்பட்டாலும் அவற்றுக்குத் தேவைப்படும் இடங்கள் வேறு. ஏர் ரைபிளின் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டுக்கு ஒரு நீண்ட கூடம் போதும்; பள்ளியின் மேல்மாடியிலோ கல்லூரி விளையாட்டு அரங்கின் ஓரத்திலோகூட அதை அமைத்துவிடலாம். .22 தோட்டாவுக்கோ 50 மீட்டர் நீளமும், குறிப்பலகைக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடும், பக்கத் தடுப்புகளும், எல்லாவற்றுக்கும் மேலாக உரிய அனுமதியும் வேண்டும். ஆகையால் தொலைபேசியில் விசாரிக்கும்போது “உங்களிடம் ரேஞ்ச் இருக்கிறதா?” என்று கேட்பதில் பயனில்லை, “50 மீட்டர் லேன் (ஒருவர் நின்று சுடும் தடம்) இருக்கிறதா, அதில் உறுப்பினர்கள் .22 ரைபிள் சுடுகிறார்களா?” என்று கேட்க வேண்டும். 25 மீட்டர் தளம் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பிஸ்டலுக்கானது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் ஓராண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, பிறகு வேறு ஊர்க் கிளப்பின் வாசலில் நின்றவர்களை நான் அறிவேன்.

அடுத்த தவறு, காவல்துறை, துணை ராணுவப் பயிற்சித் தளங்களையும் பொதுமக்களுக்கானவை என்று கருதிக் குறித்து வைத்துக்கொள்வது. வரைபடத்தில் இவையும் அதே பெயரில் இருப்பதால் இந்த மயக்கம் ஏற்படுகிறது. இத்தகைய திறந்தவெளித் தளங்களின் அருகே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பது விளையாட்டல்ல. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பயிற்சியின்போது பாய்ந்த குண்டு, தளத்துக்கு வெளியே வீட்டில் இருந்த பதினோரு வயதுச் சிறுவனின் உயிரைப் பறித்தது. பொதுமக்கள் முறையாகச் சேர்ந்து பழகக்கூடிய இடம் ரைபிள் கிளப். சென்னை, கோவை, திருச்சி, மதுரை ஆகிய ஊர்களில் இத்தகைய கிளப்புகள் உள்ளன. 2022 ஜூலையில் மாநிலப் போட்டி நடந்த திருச்சி கே.கே. நகர்த் தளத்தைப் போல, கிளப்பின் தளம் காவல்துறை வளாகத்துக்குள்ளேயே அமைந்திருப்பதும் உண்டு. எனவே வளாகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், அங்கே உறுப்பினர் சேர்க்கை உண்டா என்பதை விசாரித்தே முடிவு செய்ய வேண்டும்.

சட்டத்தை அரைகுறையாகப் படிப்பதால் வரும் தவறு இவற்றைவிட விலை கூடியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கிறது. மூன்றாக இருந்த அந்த வரம்பு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இரண்டாகக் குறைக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பின் உறுப்பினர் குறிசுடும் பயிற்சிக்காகப் பயன்படுத்தும் .22 ரைபிளுக்கு அந்த வரம்பிலிருந்து அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. இந்த விலக்கைப் படித்துவிட்டு, கிளப்பில் சேர்ந்தால் சொந்த .22 ரைபிளுக்கு உரிமமே தேவையில்லை என்று சொல்வோர் இருக்கிறார்கள். விலக்கு எண்ணிக்கைக்கு மட்டுமே அன்றி உரிமத்துக்கு அன்று. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை என்பதை .22 ரைபிளுக்கும் நீட்டிப்பது அதே வகைப் பிழை. முதலில் கிளப், அங்கே கிளப்பின் ரைபிளில் பயிற்சி, அதன் பிறகே சொந்த ரைபிளுக்கான விண்ணப்பம் என்ற வரிசையே நல்லது.

தளம் தொலைவில் இருக்கிறது என்பதற்காகத் தோப்பிலோ கைவிடப்பட்ட கல்குவாரியிலோ சுட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் உரிமம் உள்ளவருக்கும் கூடாது. சிறிய தோட்டா என்று ஏளனமாகப் பார்க்கப்படும் .22 குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் போகக்கூடியது; பாறையில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்பதைச் சுட்டவராலும் சொல்ல முடியாது.

தளத்தைக் கண்டுபிடித்தவர்கள் அதோடு தேடல் முடிந்தது என்று எண்ணி, எதையும் எழுதி வைக்காமல் விடுகிறார்கள். வரைபடத்தில் ஒரு புள்ளியைச் சேமித்து வைப்பது வழியைக் காட்டுமே தவிர தளத்தை நினைவூட்டாது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, 50 மீட்டரில் எத்தனை லேன்கள், குறிப்பலகை காகிதமா மின்னணுவா, காவலர் பயிற்சிக்காகத் தளம் மூடப்படும் நாள்கள் எவை, தோட்டாவைக் கிளப்பே தருகிறதா என்பவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னதை அலட்சியப்படுத்தக் கூடாது: .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பகுதியின் விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டு, ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது வெடிப்பதால், ஒருமுறை சுட்ட கூட்டை மறுபடி நிரப்ப இயலாது. கிளப்பில் இருப்பு தீர்ந்த நாளில் போனவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

சுடும் திசையையும் குறித்துக்கொள்ள வேண்டும். வெயில் சுடுபவரின் முதுகுப் பக்கம் விழும்படி தளம் அமைய வேண்டும் என்பதே சர்வதேச விதிகள் விரும்புவது. பழைய தளங்கள் அப்படி அமையாதபோது, காலையில் கண் கூசும் லேன் மாலையில் சுகமாக இருக்கும். காற்றும் அப்படியே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் காற்று வீசும் கோவையில் சைட்டில் (ரைபிளில் குறிபார்க்கும் கருவியில்) வைத்த அளவு, காற்று அடங்கிய மாதத்தில் இன்னொரு ஊரில் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. 50 மீட்டர் குறிப்பலகையின் பத்தாவது வட்டம் 10.4 மில்லிமீட்டர் அகலமே கொண்டது. ஆகவே சைட்டை எந்தப் பக்கம் எத்தனை கிளிக் (திருகின் ஒரு சிறு படி) திருப்பினோம், எந்தத் தோட்டா, அதன் பெட்டியில் அச்சிட்ட லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) என்ன என்பவை தளத்தின் பெயருக்குக் கீழேயே தேதியோடு இருக்க வேண்டும். நினைவுக்காகப் படம் எடுக்க நினைப்பவர் தளப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்பது அவசியம். காவல்துறை வளாகத்தில் கைபேசியை வாயிலிலேயே வாங்கி வைத்துவிடக்கூடும் என்பதால் நானோ ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும்தான் நம்புகிறேன்.