பாதை நிலவர அறிக்கையை எப்படிப் படிப்பது: கிராஸ்-கன்ட்ரி ஸ்கீ, ஸ்னோஷூ செல்வோருக்கு

கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயிலோ (காலில் நீண்ட பலகை கட்டிப் பனிப்பாதையில் சறுக்கிச் செல்வது) ஸ்னோஷூவிலோ (பனியில் புதையாமல் நடக்க உதவும் அகலமான காலணி) கிளம்பும் முன் பாதை நிலவர அறிக்கையைத் திறந்ததும் பலருடைய கண் பனியின் ஆழத்துக்குத்தான் போகும். அதற்கு முன், அறிக்கை எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். காலை 6 மணிக்கு எழுதியதை நம்பி 11 மணிக்குப் பாதையில் இறங்கினால், நடுவில் ஏறிய வெயிலும் விழுந்த பனியும் அதில் இருக்காது. அந்த ஐந்து மணி நேரத்தை நாமேதான் கணக்குப் போட வேண்டும்.

அடுத்து, பாதையை எப்போது சீர்செய்தார்கள்? க்ரூமர் வண்டி பனியை அரைத்து அழுத்தி, அகலமான பகுதியை வரிவரியாக விட்டுப் போகும். அது ஸ்கேட்டிங் பாணிக்கு (ஸ்கீயை V போல விரித்து, பக்கவாட்டில் உந்திச் செல்வது). ஓரமாக இரண்டு இணைத் தடங்களைப் பதிக்கும். அது க்ளாசிக் பாணிக்கு (இரண்டு ஸ்கீயும் தடத்துக்குள் இணையாக ஓடுவது). வண்டி போனதுமே பாதை தயாராகிவிடாது. உடைபட்ட பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகச் சில மணி நேரக் குளிர் வேண்டும். விடியற்காலை 5 மணிக்குச் சீர்செய்த பாதை பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும். ஆனால் 7 மணிக்குக் கோல் புதையும், தடத்தின் விளிம்பு உதிரும். 'இன்று காலை' என்பதைவிட 'நேற்று இரவு' என்பதுதான் பெரும்பாலும் நல்ல செய்தி, அதன்பின் பனி விழாதிருந்தால்.

விழுந்திருந்தால் எவ்வளவு என்று பாருங்கள். தடத்தின் ஆழமே பொதுவாக 2 முதல் 5 செ.மீ.தான். 2 செ.மீ. புதுப்பனி வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. 10 செ.மீ. என்றால் தடம் மூடிப்போகும், ஸ்கேட்டிங் வெறும் பாடாக முடியும். புதுப்பனியின் அளவை அடிப்பனியோடு (ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் பனி) கூட்டிக்கொள்ளவும் கூடாது: 10 செ.மீ. தூள்பனியை அழுத்தினால் 2, 3 செ.மீ.தான் தேறும்.

அடிப்பனியின் எண்ணும் ஏமாற்றும். அது ஓரிடத்தில், பெரும்பாலும் திறந்த வெளியில் அளந்தது. அடர்ந்த ஊசியிலை மரங்களின் கீழே பனி மெலிந்திருக்கும், ஏனென்றால் விழுவதில் ஒரு பங்கைக் கிளைகளே பிடித்துக்கொள்ளும். புல்வெளிக்கு 15 செ.மீ. அழுத்திய பனி போதும். பாறையும் வேரும் நிறைந்த பாதைக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். 'சீர்செய்யப்பட்டது, தடம் பதிக்கவில்லை' என்று போட்டிருந்தால், தடம் வெட்டும் கருவி மண்ணைத் தொட்டுவிடும் அளவுக்குப் பனி குறைவு, அல்லது தடம் நிற்காத அளவுக்கு இளகல் என்று பொருள். பழைய ஸ்கீ இருந்தால் அன்று அதை எடுத்துப் போங்கள்.

வெப்பநிலையில் மூன்று எண்கள் வேண்டும்: நேற்றைய உச்சம், இரவின் தாழ்வு, இன்று எதிர்பார்க்கும் உச்சம். நேற்று சுழி டிகிரிக்கு (0°C) மேலே போய் இரவில் கீழே இறங்கியிருந்தால், காலையில் தடம் கண்ணாடிப் பனிக்கட்டி. பெரும்பாலான கிராஸ்-கன்ட்ரி ஸ்கீகளில் உலோக விளிம்பு கிடையாது. அந்த நிலையில் செங்குத்தான இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. மேற்பரப்பு இளகும்வரை காத்திருங்கள். வெயில் ஏறினால் மதியத்துக்குள் அதே பாதை சகதிப்பனியாகிவிடும் என்பதால், நல்ல நேரம் சில சமயம் ஒன்றிரண்டு மணிதான். கிழக்குச் சரிவு முதலில் இளகும். வட கோளத்தில் வடக்குச் சரிவு கடைசிவரை இறுகியே கிடக்கும். மேகமில்லாத இரவுக்குப் பின் பனியின் மேற்பரப்பு காற்றைவிடவும் குளிர்ந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

க்ளாசிக் ஸ்கீ உந்தும்போது பின்னால் வழுக்காமலிருக்க அதன் அடியின் நடுவில் கிக் மெழுகு பூசுவார்கள். அதைத் தேர்ந்தெடுக்கக் கையுறையோடு ஒரு பிடி பனியை அழுத்திப் பாருங்கள். உருண்டையாகாமல் உதிர்ந்தால் உலர்பனி: வெப்பநிலைக்கேற்ற கெட்டிக் கிக் மெழுகை மூன்று, நான்கு மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றையும் தக்கையால் தேயுங்கள். ஒரே தடித்த பூச்சு வேண்டாம். அதில் பனி ஒட்டும். உருகி உறைந்த கரகரப்பான பனிக்குக் கெட்டி மெழுகு நிற்காது, க்ளிஸ்டர் என்ற பிசுபிசுப்பான மெழுகுதான் பிடிக்கும். அதை வெதுவெதுப்பான இடத்தில் மெல்லியதாகப் பரப்பி, வெளியே வைத்து ஆறவிட்ட பிறகே பனியில் வையுங்கள். (துணியில் பட்டால் போகாது. ஊசியிலைகளும் ஆசையாக வந்து ஒட்டும்.) மிகத் தொல்லையானது சுழியை ஒட்டிய புதுப்பனி: ஒன்று, மெழுகு வழுக்கும், இல்லையென்றால் ஸ்கீயின் அடியில் கட்டிகட்டியாகப் பனி சேரும். அன்று மெழுகில்லாமலே பிடிக்கும் செதில் அடிப்பாகமோ ஸ்கின் பட்டையோ (மென்மயிர்ப் பட்டை) உள்ள ஸ்கீயே மேல்.

ஸ்னோஷூ பாதைகளைப் பெரும்பாலும் வண்டி தொடாது. முன்னே போனவர்களின் கால்கள்தான் அழுத்தும். 30 செ.மீ. புதுப்பனியில் பெரிய அளவு ஸ்னோஷூ இருந்தால்தான் புதையாது. இறுகிய பாதையில் சிறியது போதும், அடியில் கூரிய பற்கள் இருக்கட்டும். ஸ்கீ பாதையைக் கடக்க நேர்ந்தால் குறுக்கே நேராகக் கடந்துவிடுங்கள். அதன்மேல் வெறும் பூட்ஸோடு நடப்பதுதான் பெரிய கேடு: இரவில் உறையும் காலடிக் குழியை ஒருமுறை க்ரூமர் ஓட்டினாலும் முழுதாக நிரப்ப முடியாது, மறுநாள் இறக்கத்தில் வருபவரின் ஸ்கீ நுனி அதில் மாட்டும். ஸ்கீயில் விழுந்தவரும் எழுந்ததும் தன் குழியை மூடிவிட்டுப் போக வேண்டும்.

'மூடப்பட்டது' என்றால் உள்ளே போகாதீர்கள். செங்குத்தான சரிவுகளில் சில க்ரூமர் வண்டிகள் வின்ச் (கம்பியைச் சுருட்டி இழுக்கும் பொறி) கம்பியில் தொங்கியபடி வேலை செய்யும். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளும் அந்தக் கம்பி இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. சட்டென்று இறுகி மேலெழும்.

முதல் 500 மீட்டரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கிக் (முன்னேறக் காலால் பின்னோக்கி உந்துவது) வழுக்கினால் மெழுகுப் பகுதியை முன்னோக்கிக் கொஞ்சம் நீட்டுங்கள். பனி ஒட்டினால் சுரண்டிவிட்டு, இன்னும் குளிருக்கான மெழுகை மேலே பூசுங்கள். கார் நிறுத்தம் அருகில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். 8 கிலோமீட்டர் தள்ளி விறைத்த விரல்களால் தக்கையைப் பிடிக்க முடியாது.