கிளைடர் சிமுலேட்டரில் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்ஜின் இல்லாத விமானத்தை வீட்டு மேசையில் உட்கார்ந்தபடியே ஓட்டிப் பார்க்க இன்று நல்ல வசதிகள் இருக்கின்றன. ஸ்லோவேனியாவில் உருவான காண்டோர், கிளைடருக்காகவே செய்யப்பட்ட சிமுலேட்டர். 2005-இல் முதலில் வந்தது, 2018-இல் இரண்டாம் பதிப்பு. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் ஏஎஸ்கே 21 என்ற பயிற்சி கிளைடர் கூடவே வருகிறது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் 2022 நவம்பரில் தன் 40-ஆம் ஆண்டுப் பதிப்பில் கிளைடர்களைச் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் கிளைடர் பறக்கிற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், நம்மில் ஆர்வமுள்ள பெரும்பாலானவர்களுக்கு முதல் அனுபவம் திரையில்தான் கிடைக்கும். அதில் தப்பே இல்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டு தொடங்க வேண்டும். எங்கே போகலாம், எப்போது திரும்பலாம், கையில் இருக்கிற உயரம் போதுமா என்று முடிவெடுக்கப் பழக்குவதில் சிமுலேட்டரை நம்பலாம். கண், கை, உடம்பு ஆகியவற்றைப் பழக்குவதில் அது அரைகுறைதான். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் தவறுகள் வருகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு கருவிகளையே பார்த்துப் பறப்பது. இது ஏன் வருகிறது என்று யோசித்தால் காரணம் எளிது. சாதாரண மேசைத் திரை நம் பார்வையில் ஐம்பது அறுபது டிகிரியைத்தான் நிரப்பும், மனிதக் கண்ணுக்கோ பக்கவாட்டுப் பார்வையெல்லாம் சேர்த்து ஏறக்குறைய இருநூறு டிகிரி வரை தெரியும். வெளியே பார்க்கச் சரியாக எதுவும் இல்லாததால் கண் தானாக வேகமானியிலும், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோவிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. வேகமானி முள்ளைத் துரத்துகிற பழக்கம் அப்படித்தான் வருகிறது: வேகம் கொஞ்சம் கூடினால் ஸ்டிக்கை இழுப்பது, குறைந்தால் தள்ளுவது, முள் எப்போதும் ஒரு நொடி பின்தங்கி வருவதால் கிளைடர் அலைபோல ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. உண்மையான கிளைடரில் மூக்கு அடிவானத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதை வைத்துத்தான் வேகத்தைப் பிடிக்க வேண்டும். மூக்கை ஓரிடத்தில் நிறுத்துங்கள், காத்திருங்கள், அப்புறம் வேகமானியை ஒரு தடவை பாருங்கள். சிமுலேட்டரிலும் இப்படியே பழகலாம், கருவிப் பலகையை ஒரு அட்டையால் மறைத்துவிட்டுப் பறந்தால் போதும்.

இதே கண் பிரச்சினையின் இன்னொரு முகம் மற்ற விமானங்களைத் தேடாமல் இருப்பது. இணையத்தில் பலரோடு சேர்ந்து பறக்கும்போது அடுத்தவரின் கிளைடர் இருக்குமிடத்தைக் குறியீடு போட்டுத் திரையே காட்டிவிடுகிறது. நிஜத்தில் நேர் எதிரே வரும் கிளைடர் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு, வெளிர் வானத்தில் கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரியாது. இரண்டு கிளைடர்கள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால் நடுவில் இருக்கிற ஒரு கிலோமீட்டர் 18 நொடியில் தீர்ந்துவிடும். திரும்புவதற்கு முன் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் முழுவதையும் பார்க்கிற பழக்கம் வராமல் ஒருவர் எத்தனை மணி நேரம் பறந்திருந்தாலும், மற்றவர்கள் இருக்கிற வானத்துக்கு அவர் ஆபத்தானவர்தான். விஆர் கண்ணாடி அல்லது தலையசைவைப் பின்தொடரும் கருவி இருந்தால் இந்தப் பழக்கத்தை வீட்டிலேயே கொண்டுவரலாம். வசதி இருந்தால் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான், விலையுயர்ந்த கிராஃபிக்ஸுக்கு அல்ல.

அடுத்தது கால். கிளைடரின் இறக்கை நீளம், ஏஎஸ்கே 21-க்கு நுனிக்கு நுனி 17 மீட்டர். ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால், மேலே எழும் வலது இறக்கையில் இழுவை கூடி மூக்கு முதலில் வலப்பக்கம் போகப் பார்க்கும். சிறிய என்ஜின் விமானத்தில் பலர் இதைக் கவனிக்காமலே ஓட்டிவிடுவார்கள், கிளைடரில் அப்படி முடியாது, ஸ்டிக்கோடு சேர்த்து, வாலில் இருக்கும் சுக்கானை அசைக்கும் ரடர் பெடலை அமுக்கியே ஆக வேண்டும். முறுக்கும் ஜாய்ஸ்டிக் வைத்துக்கொண்டோ, ரடரைத் தானாக இயக்கும் வசதியைப் போட்டுக்கொண்டோ பழகியவரின் கால்கள் தூங்கிவிடுகின்றன. கண்ணாடி மேல் ஒட்டியிருக்கும் சின்ன நூல் நேராக நிற்காமல் ஒருபக்கம் பறந்தால் கிளைடர் பக்கவாட்டில் வழுக்குகிறது என்று பொருள், அதை அவர் பார்ப்பதுமில்லை. பெடல் வாங்க முடியாவிட்டால் பரவாயில்லை, ஆனால் திருப்பங்களை ஒழுங்காகக் கற்றுவிட்டதாக மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்டிக்கில் கிடைக்கும் அழுத்தமும் பொய்தான். மலிவான ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஒரு ஸ்பிரிங், வேகம் மணிக்கு 70 கிலோமீட்டராக இருந்தாலும் 170 ஆக இருந்தாலும் அதே இறுக்கம். நிஜ கிளைடரில் வேகம் குறையக் குறைய ஸ்டிக் தளர்ந்துபோகும், காற்றின் இரைச்சலும் அடங்கும். ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை, நெருங்குகிறது என்று உடம்புக்குச் சொல்லும் முக்கியமான அடையாளங்கள் இவை.

உடம்பு என்று வரும்போது சிமுலேட்டர் முழுவதுமாகவே கைவிட்டுவிடுகிறது. 45 டிகிரி சாய்வில் சுற்றும்போது உங்கள் எடை 1.4 மடங்காகிறது, 60 டிகிரியில் இரண்டு மடங்கு. அந்த எடை கூடும்போது ஸ்டால் வேகமும் கூடும்: நேராகப் பறக்கும்போது மணிக்கு 65 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் கிளைடர் 45 டிகிரி திருப்பத்தில் 77-லேயே ஆகிவிடும். நாற்காலியில் இது எண்ணாக மட்டும் தெரியும். தரையிறங்கும் முன் கடைசித் திருப்பத்தில், ஓடுதளத்தைத் தாண்டிப் போய்விடுவோமோ என்ற பதற்றத்தில் ரடரை அதிகமாக அமுக்கி, மூக்கையும் தூக்கி, சுழன்றபடியே கீழே விழும் ஸ்பின்னில் சிக்கி இறந்தவர்கள் உண்டு. அந்தப் பதற்றத்தை எந்தத் திரையும் தராது. ஸ்டாலுக்கு அப்புறம் கிளைடர் எப்படி நடந்துகொள்ளும் என்பதிலும் சிமுலேட்டரின் கணக்கு தோராயம்தான், ஆகவே அங்கே ஸ்பின்னிலிருந்து சுலபமாக வெளியே வந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

விஞ்ச் ஏவுதலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிமுலேட்டர் மிகவும் உதவுவதும் மிகவும் ஏமாற்றுவதும் இங்கேதான். தரையில் இருக்கும் இயந்திரம் கம்பியை இழுக்க, கிளைடர் 45 டிகிரி அளவுக்கு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறது. நடுவில் கம்பி அறுந்தால் வேகம் மளமளவென்று விழும். உடனே மூக்கை நன்றாகக் கீழே தள்ள வேண்டும், தள்ளிய பிறகும் வேகம் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குமுன் திரும்பவோ, இறக்கையிலிருந்து எழும்பி கிளைடரை வேகமாக இறக்கும் ஏர்பிரேக்கைத் திறக்கவோ கூடாது. வரிசை இதுதான், இதைக் காண்டோரில் அலுக்க அலுக்கச் செய்து பார்க்கலாம், கயிறு அறுபடும் வாய்ப்பையும் முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம். ஆனால் நிஜத்தில் மூக்கைத் தள்ளும்போது வயிறு தூக்கிப்போடும், உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். இந்த உணர்வை ஸ்டால் என்று தவறாக நினைத்து இன்னும் இன்னும் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள், தரைக்கு அருகில் அது உயிரைப் பறிக்கும். ஆகவே வரிசையை மனப்பாடம் செய்ய சிமுலேட்டரைப் பயன்படுத்துங்கள், அந்த உணர்வைப் பழகப் பயிற்றுநரோடு உயரத்தில் பறந்து பாருங்கள். முதலாவதைச் செய்துவிட்டதால் இரண்டாவது வேண்டாம் என்று நினைப்பதுதான் தவறு.

தெர்மல், அதாவது வெயிலில் சூடேறி மேலெழும் காற்று, இந்த விஷயத்தில் செய்யும் தவறு வேறு மாதிரி. சிமுலேட்டரில் வானிலையை அமைப்பது நாமே. மேகத்தின் அடிமட்டம், தெர்மலின் பலம், காற்றின் திசை எல்லாம் நம் கையில், ஆகவே எல்லா நாளும் நல்ல நாள். உண்மையான வானில் மேகங்கள் பரவி வெயிலை மறைத்து மணிக்கணக்கில் எல்லாம் அடங்கிப்போகும், கடற்காற்று உள்ளே வந்து ஏற்றத்தைக் கொன்றுவிடும், பார்க்க அழகாக இருக்கிற மேகம் ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, தெர்மலின் ஓரத்தை உரசும்போது ஒரு இறக்கை லேசாகத் தூக்கப்படும், இருக்கை முதுகைத் தள்ளும், அனுபவசாலி அந்தக் கணத்திலேயே எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்துவிடுவார். திரையில் பறப்பவருக்கு வேரியோவின் ஓசைதான் வழிகாட்டி, அதுவோ ஓரிரு நொடி தாமதமாகத்தான் சொல்லும். ஆக, சிமுலேட்டரில் தெர்மலின் மையத்தைப் பிடிக்கத் திறமை வந்துவிட்டவருக்கு நிஜத்தில் ஆரம்பத்தில் அது வராமல் போனால் மனம் தளர வேண்டியதில்லை. அவர் கற்றது வேறு புலன்களை வைத்து.

மலைச்சரிவை ஒட்டிப் பறப்பது காண்டோரில் பேரின்பம். அதோடு வரும் ஸ்லோவேனியா நிலப்பரப்பில் லெஸ்ஸே விமானதளத்திலிருந்து கிளம்பி, 2236 மீட்டர் உயரமுள்ள ஸ்டோல் சிகரம் இருக்கும் கராவாங்கே மலைத்தொடரின் தெற்குச் சரிவில் மேற்கும் கிழக்குமாகப் போய்வரலாம், நிஜ விமானிகளும் பறக்கிற வழிதான் அது. எந்தச் சரிவில் காற்று முட்டி மேலெழும், எதன் மேல் வெயில் விழும், பள்ளத்தாக்கைத் தாண்ட எவ்வளவு உயரம் வேண்டும் என்பதையெல்லாம் இதைவிட நன்றாகக் கற்றுத்தர வேறு வழி எனக்குத் தெரியாது. ஆனால் மோதினால் மறுபடி தொடங்கலாம் என்பதால் மரங்களை உரசிக்கொண்டு போகிற பழக்கமும் இங்கேதான் ஒட்டிக்கொள்கிறது. காண்டோர் 2-இன் நிலவடிவம் 30 மீட்டர் கட்டங்களால் ஆனது, அதனால் துருத்திக்கொண்டிருக்கும் பாறைகள் மழுங்கிப்போகும். ரோப்வே கம்பிகளையும் அதில் எதிர்பார்க்க முடியாது. திரையிலும் கூடுதல் வேகம் வைத்துக்கொண்டு, எப்போதும் சரிவை விட்டு விலகியே திரும்புங்கள்.

வயலில் இறங்குவதைப் பற்றியும் இதேதான். மேலிருந்து பார்த்தால் திரையில் எல்லா வயலும் பச்சைத் துணி. நிஜத்தில் நிலம் சாய்ந்திருக்கிறதா, பயிர் எவ்வளவு உயரம், மாடு மேய்கிறதா, ஓரத்தில் மின்கம்பி போகிறதா என்று பார்த்துத்தான் வயலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தை விரித்துப் போட்ட தரை இதில் எதையும் சொல்லாது. கிடைத்த இடத்தில் பத்திரமாக இறங்கிய சிமுலேட்டர் அனுபவத்தை நம்பி, உயரம் குறைந்த பிறகும் தெர்மல் தேடிக்கொண்டிருப்பது மோசமான பழக்கம்.

சிமுலேட்டர் சொல்லியே தராத விஷயங்களும் உண்டு. கிளைடரை டிரெய்லரிலிருந்து இறக்கி இறக்கைகளை மாட்டும்போது கட்டுப்பாட்டுத் தண்டுகள் சரியாக இணைந்திருக்கின்றனவா என்று ஒருவர் அசைக்க இன்னொருவர் பிடித்துப் பார்ப்பது, மேல்கண்ணாடி பூட்டியிருக்கிறதா, ஏர்பிரேக் பூட்டியிருக்கிறதா என்று சோதிப்பது. உயிரிழப்புகளுக்கு உண்மையான காரணங்கள் இவை.

இவ்வளவும் படித்துவிட்டு, சிமுலேட்டர் வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டால் அதுவும் தவறுதான். ஒரு கணக்கைப் பாருங்கள். ஏஎஸ்கே 21 மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், அசையாத காற்றில், ஆயிரம் மீட்டர் உயரத்தை வைத்துக்கொண்டு சுமார் 34 கிலோமீட்டர் போகும். எதிர்க்காற்று மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் அது சுமார் 20 ஆகிறது. எதிர்க்காற்றே இல்லாமல், வழியெங்கும் நொடிக்கு இரண்டு மீட்டர் கீழிறங்கும் காற்று மட்டும் இருந்தால் வெறும் 9. காகிதத்தில் படித்தால் மறந்துவிடும், திரையில் மூன்று தடவை விமானதளத்துக்கு எட்டாமல் இறங்கினால் மறக்காது. கடைசி இறக்கத்துக்கு எவ்வளவு உயரம் மிச்சம் வைப்பது, இறங்கும் காற்றில் ஏன் வேகத்தைக் கூட்ட வேண்டும், பலவீனமான தெர்மலை எப்போது விட்டுவிட்டுப் போவது, இவற்றை மழைக்காலத்திலும் இரவிலும் செலவில்லாமல் பழக வேறு இடம் கிடையாது.

அதற்கு உங்கள் அமைப்புகளைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொள்ளுங்கள். தெர்மல்களைக் காட்டிக்கொடுக்கும் உதவிகளை அணையுங்கள். தெர்மல் பலத்தைக் குறைத்து, காற்றைக் கூட்டி, மேகமே இல்லாத நாளையும் வையுங்கள். நடுவில் உயரம் கொடுக்கும் பொத்தானைத் தொடாதீர்கள், இறங்க வேண்டியிருந்தால் இறங்கிவிட்டு ஏன் என்று பதிவை ஓடவிட்டுப் பாருங்கள். அப்புறம் ஒருநாள் உண்மையான கிளைடரில் ஏறும்போது, சிமுலேட்டரில் பறந்திருப்பதைப் பயிற்றுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கருவிகளை மறைத்துவிட்டு மூக்கைப் பார்த்துப் பறக்கச் சொல்வார், கால் சரியாக வேலை செய்கிறதா என்று நூலைக் கவனிப்பார், எதிலிருந்து தொடங்குவது என்று அவருக்கும் தெரிந்துவிடும்.